எவ்வளவு பாரம் இல்ல, எங்க பாரம்: தொப்பூர் இறக்கத்தில் ஒரு பாய்மரப் படகு

மக்களே, முதல்லயே உண்மையை ஒத்துக்கறேன். நான் தர்மபுரிக்காரன். எங்க மாவட்டத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமே கிடையாது. எங்களுக்குப் படகுன்னா ஒகேனக்கல் பரிசல்தான். மூங்கில் பிளாச்சுல பின்னி, அடியில ஷீட் ஒட்டி, தார் பூசின வட்டக் கூடை. வேலை முடிஞ்சா பரிசல்காரர் அதைக் கவிழ்த்துத் தலையில தூக்கிட்டு நடந்து போயிடுவார். டிரெய்லர் வேண்டாம், பாய்மரம் வேண்டாம், ஒரு துடுப்பு போதும்.

அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு பாய்மரப் படகைப் பத்தி எதுக்கு எழுதறேன்? போன தீபாவளி லீவுல நடந்த ஒரு விஷயம்தான் காரணம். முதல் வருஷம் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்ல ΣM = 0 போட்டு மார்க் வாங்கின எனக்கு, மொமென்ட்னா என்னன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. புரிய வெச்சது எட்டாவதோட படிப்பை நிறுத்தின எங்க மாமா.

தானா மேல எழும்பின கொக்கி

மாமாவுக்கு ஹைவேஸ் ஓரமா, தொப்பூர் கணவாய்க்கு முன்னாடி, ஒரு வெல்டிங் பட்டறை இருக்கு. பெங்களூருல இருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியா சேலம் போற என்.ஹெச். 44ல தொப்பூர் வந்ததும் ரோடு மலையில இருந்து மளமளன்னு கீழ இறங்கும். நியூஸ் பாக்கறவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். 2020 டிசம்பர்ல, 2024 ஜனவரில, கன்ட்ரோல் போன லாரி முன்னாடி போன வண்டிங்க மேல வரிசையா மோதி உயிர்ப்பலி ஆச்சு. எங்க பக்கம் தொப்பூர்னு சொன்னாலே வீட்டுக்கு ஒரு கதை இருக்கும்.

அன்னைக்கு சாயங்காலம் ஒரு கார் பட்டறை முன்னாடி நின்னுச்சு. பின்னாடி ரெண்டு சக்கர டிரெய்லர், அது மேல வெள்ளையா ஒரு சின்னப் படகு. நாலு மீட்டர் சொச்சம் நீளம். மேல ஒரு நீளமான அலுமினியக் குழாய் கட்டியிருந்தது. ஓட்டிட்டு வந்த அண்ணா பெங்களூர்த் தமிழர். பழைய படகு ஒண்ணை வாங்கி ராமநாதபுரம் கடற்கரைக்குக் கொண்டு போறாராம்.

"கிருஷ்ணகிரி தாண்டினதுல இருந்து வண்டி ஆடுதுங்க. அறுபதுக்கு மேல போனா டிரெய்லர் வாலாட்டுது. காத்து கம்மியான்னு பார்க்கணும்"னார்.

மாமா டயரைப் பாக்கவே இல்ல. சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு, டிரெய்லரைக் கார்ல இருந்து கழட்டச் சொன்னார். கொக்கியை விடுவிச்ச உடனே டிரெய்லரோட மூக்கு தானா மேல எழும்பிடுச்சு. பின்பக்கம் தரையில உக்காந்துருச்சு.

மாமா சொன்னது இவ்ளோதான்: "சார், காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. பாரம் பின்னாடி இருக்கு. இதோட கீழ இறங்கக் கூடாது."

ஏன் வாலாட்டுது?

ஷட்டில்காக்கை யோசிச்சுப் பாருங்க. ஹாஸ்டல்ல தினமும் ஆடறதுதானே. எப்படித் தட்டினாலும் கார்க் பக்கம் முன்னாடி திரும்பித்தான் பறக்கும். எடை முன்னாடி, இழுவை பின்னாடி. கொஞ்சம் கோணலாப் போனாலும் பின்னாடி இருக்கற இறகு அதை நேராக்கிடும். இறகு முன்னாடி இருக்கற மாதிரி வீசினா என்ன ஆகும்? பாதி வழியில புரண்டுடும்.

டிரெய்லர்ல இறகோட வேலையைச் செய்யறது டயர். ரோட்டைப் பிடிச்சுப் பக்கவாட்டு விசை கொடுக்கறது அதுதான். மொத்த எடையோட சி.ஜி. அச்சுக்கு முன்னாடி இருந்தா, சின்னதா ஒரு ஆட்டம் வந்தாலும் டயர் அதை அடக்கிடும். சி.ஜி. அச்சுக்குப் பின்னாடி போயிட்டா, ஒவ்வொரு ஆட்டமும் அடுத்த ஆட்டத்தைப் பெருசாக்கும். ஸ்பீடு ஏற ஏற அடக்கற சக்தி குறையும். நாப்பதுல தெரியாத விஷயம் எழுபதுல தெரியறது இதனாலதான்.

இறக்கத்துல இன்னும் மோசம். கார் பிரேக் போடும்போது, பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாடி இருந்து காரைத் தள்ளும். நேராத் தள்ளினா பரவாயில்ல. கோணலா இருக்கும்போது தள்ளினா காரையே சுத்தி விட்டுடும். தொப்பூர்ல மாமா பயந்தது இதுக்குத்தான்.

அப்போ பாரத்தை எல்லாம் முன்னாடி வெச்சா சரியாயிடுமா? அதுவும் இல்ல. பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டரைப் பார்த்திருக்கீங்களா? கொக்கி மேல பாரம் அதிகமானா முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாம மிதக்கும். ஸ்டீயரிங் திருப்பினா வண்டி திரும்பாது. கார்லயும் அதேதான். பின்பக்கம் அமுங்கும், முன் டயர் பிடிப்பு போயிடும்.

அதனால கொக்கி மேல கொஞ்சம் எடை அழுத்தணும். ஆனா கொஞ்சம்தான். ஐரோப்பாவுல பொதுவா டிரெய்லரோட மொத்த எடையில 5 முதல் 7 சதவீதம்னு சொல்றாங்க. அமெரிக்காவுல 10 முதல் 15 சதவீதம். எதை எடுத்துக்கிட்டாலும் பூஜ்யம் கூடாது, மைனஸ் கூடவே கூடாது. அதோட காரும் கொக்கியும் எவ்வளவு தாங்கும்னு தயாரிச்சவங்க ஒரு அளவு கொடுத்திருப்பாங்க, அதைத் தாண்டவும் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அன்னைக்கு மாமா கையால செஞ்சதை நான் அப்புறம் நோட்டுல போட்டுப் பார்த்தேன். சுலபமா இருக்க நம்பரை உருட்டி எழுதறேன்.

கொக்கியில இருந்து அச்சு வரைக்கும் 300 செ.மீ. அச்சை வெச்சு மொமென்ட் எடுப்போம். அச்சுக்கு முன்னாடி பிளஸ், பின்னாடி மைனஸ்.

முதல்ல வந்த நிலைமை:
- காலி டிரெய்லர் 100 கிலோ, 20 செ.மீ. முன்னாடி: +2000
- படகு 100 கிலோ, சரியா அச்சு மேல: 0
- பாய்மரம், பூம், பாய் எல்லாம் சேர்த்து 20 கிலோ, 20 செ.மீ. பின்னாடி: –400
- படகோட வால் பக்கம் வெச்ச சின்ன மோட்டாரும் டூல் பெட்டியும் 30 கிலோ, 120 செ.மீ. பின்னாடி: –3600

கூட்டினா –2000. 300 ஆல வகுத்தா –6.7 கிலோ. அதாவது டிரெய்லர் காரோட பின்பக்கத்தை ஏறக்குறைய ஏழு கிலோ விசையில மேல தூக்கிட்டே வந்திருக்கு. மொத்தம் 250 கிலோ பாரத்துல குத்தவாளி வெறும் 30 கிலோ. ஆனா அது உக்காந்த இடம் அப்படி.

இப்போ மாமா செஞ்சது. மோட்டாரையும் டூல் பெட்டியையும் தூக்கிக் கார் டிக்கியில வெச்சார். படகோட மூக்கு முட்டி நிக்கற கம்பத்தோட போல்ட்டைக் கழட்டி 30 செ.மீ. முன்னாடி நகர்த்தினார். நாங்க நாலு பேர் சேர்ந்து படகை அதுவரைக்கும் தள்ளினோம். பாய்மரக் குழாயையும் அதே அளவு முன்னாடி இழுத்துக் கட்டினோம்.

- காலி டிரெய்லர்: +2000
- படகு 100 கிலோ, 30 செ.மீ. முன்னாடி: +3000
- பாய்மர வகையறா 20 கிலோ, 10 செ.மீ. முன்னாடி: +200

மொத்தம் 5200. 300 ஆல வகுத்தா 17.3 கிலோ. மொத்த எடை இப்போ 220 கிலோ. கிட்டத்தட்ட 8 சதவீதம்.

மாமாகிட்ட கால்குலேட்டர் இல்ல. கொக்கியைக் கையால தூக்கிப் பார்த்தார். "தண்ணி கேன் மாதிரி கனக்குது. போதும்"னார். ஹாஸ்டல் வாட்டர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. 17க்கு எவ்ளோ பக்கம்னு பாருங்க! உங்களுக்குக் கைக்கணக்கு வராதுன்னா, டிரெய்லரைக் கார்ல மாட்டும்போது இருக்கற அதே உயரத்துல கொக்கிக்கு அடியில ஒரு கட்டையை நிறுத்தி, அதுக்குக் கீழ வீட்டு எடை மெஷினை வைங்க. அதுவே சொல்லிடும்.

ஏத்தறப்போ கவனிக்க வேண்டியது

பாரம் சரியான இடத்துல இருந்தா மட்டும் போதாது. அது கடைசி வரைக்கும் அங்கயே இருக்கணும். அன்னைக்குக் கத்துக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்றேன்.

ஒண்ணு, படகு அடியில நடுவுல ஓடற முதுகெலும்பு மேல உக்காரணும். பக்கவாட்டு மெத்தைக் கட்டைங்க சாயாமப் பிடிக்கறதுக்குத்தான். மெல்லிய ஃபைபர் பக்கச்சுவர் மேல முழு எடையும் விழுந்தா, ஒவ்வொரு பள்ளத்துலயும் அது உள்ள அமுங்கி அமுங்கிக் கடைசியில விரிசல் விடும்.

ரெண்டு, ராட்செட் பெல்ட் போடும்போது, பெல்ட்டுக்கு நேர் கீழ தாங்குகட்டை இருக்கணும். தாங்கல் இல்லாத இடத்துல இறுக்கினா படகைத்தான் நசுக்கறீங்க. ஓரத்துல பெல்ட் உரசற இடத்துல பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு வைங்க. முன்பக்கம் தனியா ஒரு கட்டு வேணும். பிரேக் போட்டா படகு முன்னாடி ஓடப் பார்க்கும்.

மூணு, பாய்மரத்தை மூணு இடத்துல தாங்கிக் கட்டுங்க. ரெண்டு முனையில மட்டும் கட்டினா நடுவுல குதிச்சுக்கிட்டே வரும். அதோட கம்பிங்களைச் சுருட்டித் துணியால குழாயோட சேர்த்துக் கட்டணும். கம்பி ஒரே இடத்துல மணிக்கணக்கா உரசினா இழை இழையா அறுந்துடும். பின்னாடி நீட்டிக்கிட்டிருக்கற முனையில சிவப்புத் துணி கட்டாயம்.

நாலு, கொக்கிக்குக் கீழ பாதுகாப்புச் சங்கிலி ரெண்டையும் குறுக்கா மாட்டணும். கொக்கி கழண்டாலும், மூக்கு ரோட்டுல குத்தாம அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டில் மாதிரி ஏந்திக்கும்.

அஞ்சு, கிளம்பிப் பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர்ல நிறுத்துங்க. பெல்ட் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்க. சக்கரத்தோட நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்க. லேசான சூடு பரவாயில்ல. கை வைக்க முடியலன்னா பேரிங் போகப் போகுதுன்னு அர்த்தம். டிரெய்லரை உப்புத் தண்ணியில இறக்கியிருந்தா, நல்ல தண்ணியில கழுவாம வீட்டுக்குப் போகாதீங்க.

எல்லாத்தையும் மீறி ஆட ஆரம்பிச்சா? சடன் பிரேக் வேண்டாம், எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை வெட்ட வேண்டாம். ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. இறக்கத்துல, இறங்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சு மெதுவா ஆரம்பிக்கணும். பாதி இறக்கத்துல ஸ்பீடைக் குறைக்கப் பாக்கறது லேட்.

அந்த அண்ணா எவ்வளவு தரணும்னு கேட்டார். மாமா, "காசெல்லாம் வேண்டாம் சார். கீழ போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் மட்டும் பண்ணுங்க"னார். போன் வர்ற வரைக்கும் பட்டறையை மூடாம உக்காந்திருந்தார். வந்துச்சு. "ஆடவே இல்லைங்க"ன்னார். அப்படியே, செமஸ்டர் லீவுல வந்து படகை நிறுத்தறதைப் பாருன்னு என்னைக் கூப்பிட்டார்.

ஈ.பி. கம்பத்தைப் பார்த்தா பாய்மரம் புரியும்

ஜனவரியில போனேன். பாக் ஜலசந்தி ஓரம், மணல்ல படகு. அந்தப் பக்கம் மீனவர்கள் இன்னைக்கும் பாய்மரப் படகுப் போட்டி நடத்தறாங்க. பாய் கட்டற குறுக்குக் கம்புக்குப் பருமல், பாயை இழுத்துப் பிடிக்கற கயிறுக்குத் தாமான், படகோட முன்பக்கத்துக்கு அணியம்னு அழகான வார்த்தைங்க நம்ம மொழியில ஏற்கெனவே இருக்கு. நான் இங்கிலீஷ் மீடியம். இதெல்லாம் எனக்கு அங்கதான் தெரிஞ்சது.

இந்தப் படகுல பாய்மரம் ஆறு மீட்டருக்கு மேல. அடியில ஒரு சின்னக் குழியில உக்காந்திருக்கு, அவ்ளோதான். அப்புறம் எப்படி நிக்குது? ஊர்ல ரோடு திரும்பற இடத்துல இருக்கற ஈ.பி. கம்பத்தைப் பாருங்க. ஒயர் இழுக்கற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டே கம்பி தரைக்கு இறங்கும். அதே விஷயம்தான். பாய்மரத்துக்கு மூணு ஸ்டே. அணியத்துக்குப் போறது ஃபோர்ஸ்டே. ரெண்டு பக்கமும் கொஞ்சம் பின்னாடி தள்ளி இறங்கறது ஷ்ரவுட். மூணு பக்கம் இழுத்தா எந்தப் பக்கமும் விழாது.

அந்தக் கம்பியில எவ்வளவு விசை வரும்? சும்மா ஒரு கணக்கு. பாய் மேல காத்து பக்கவாட்டுல 30 கிலோ விசையில தள்ளுது, அது பாய்மர அடியில இருந்து 2.6 மீட்டர் உயரத்துலன்னு வைங்க. மொமென்ட் 78. படகு அகலம் கம்மிங்கறதால ஷ்ரவுட்டுக்குக் கிடைக்கற நெம்புகோல் தூரம் சுமார் 0.65 மீட்டர்தான். 78ஐ 0.65 ஆல வகுத்தா 120 கிலோ! முப்பது கிலோ காத்துக்கு நூத்தி இருபது கிலோ இழுவிசை. அதைத் தாங்கறது பென்சில்ல பாதி கனம் கூட இல்லாத ஒரு பின். அந்தப் பின் கழண்டு வராமப் பிடிக்கறது விரல் நகம் அளவு ஒரு ரிங். ரிங் கழண்டா பின் நழுவும், பின் நழுவினா பாய்மரம் தலையில. அதனால ஒவ்வொரு ரிங்கையும் பார்த்து மேல டேப் சுத்தாம யாரும் தண்ணியில இறங்கக் கூடாதுன்னு அண்ணா கண்டிப்பா இருந்தார்.

கம்பியை எவ்வளவு இறுக்கணும்? கிதார் தந்தி மாதிரி வேண்டாம். துணி காயப்போடற கொடி மாதிரியும் வேண்டாம். படகு ஓடும்போது, காத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கற ஷ்ரவுட் லேசாத் தளரலாம், தொங்கி ஆடக் கூடாது. ரொம்பத் தளர்ந்தா ஃபோர்ஸ்டேவும் தொய்யும், அதோட கட்டின முன் பாய் தன் வடிவத்தை இழந்துடும். ரொம்ப இறுக்கினா பாய்மரம் படகோட அடியை ஆணி மாதிரிக் குத்திக்கிட்டே இருக்கும்.

மரத்தை நிமிர்த்தறதுக்கு முன்னாடி மேல பாருங்க

இது தனியாச் சொல்ல வேண்டியது. அலுமினியப் பாய்மரம், ஸ்டீல் கம்பி, ரெண்டுமே கரண்ட் கடத்தும். 2022 ஏப்ரல் 27ஆம் தேதி, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயரழுத்த மின் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தாங்க. ஆறு மீட்டர் குழாயை நிமிர்த்தறவங்க யாரும் அதை மறக்கக் கூடாது. நிமிர்த்தறதுக்கு முன்னாடி மேல பாருங்க. நிமிர்த்தின படகைத் தள்ளிட்டுப் போற வழி முழுக்கப் பாருங்க. ஒயர் இருந்தா வேற இடம் தேடுங்க. "பார்த்துக்கலாம்"ங்கற பேச்சே வேண்டாம்.

கடல்லயும் அதே கேள்வி: எங்க?

தண்ணியில இறங்கினதும் அண்ணா சுக்கான் பிடியை என்கிட்ட கொடுத்தார். நல்ல காத்து. படகு பாஞ்சது. ஆனா பிடி என் கையை இழுத்துக்கிட்டே இருந்தது. கொஞ்சம் விட்டா படகு காத்துப் பக்கமே திரும்பப் பாக்குது. அஞ்சு நிமிஷத்துல தோள் வலி.

"இதுவும் உங்க மாமா சமாச்சாரம்தான்"னு சிரிச்சார்.

பாய் மேல படற மொத்தக் காத்து விசையையும் ஒரு புள்ளியில வெச்சுப் பாருங்க. அது விசை மையம். தண்ணிக்குள்ள, படகு பக்கவாட்டுல நழுவாமத் தடுக்கறது நடுவுல கீழ இறங்கற ஒரு பலகை. சென்டர்போர்டுன்னு பேர். தண்ணி அந்தப் பக்கவாட்டு நழுவலைத் தடுக்கற விசைக்கும் ஒரு மையப் புள்ளி இருக்கு. அதைக் கதவுக் கீல் மாதிரி நினைச்சுக்கோங்க. பாயோட விசை மையம் கீலுக்குப் பின்னாடி இருந்தா, காத்து படகோட வாலைத் தள்ளும், அணியம் காத்தை நோக்கித் திரும்பும். முன்னாடி இருந்தா அணியத்தைத் தள்ளும், படகு காத்தை விட்டு விலகி ஓடும்.

நம்ம பரிசல்ல இந்தப் பலகையும் இல்ல, நீளமும் இல்ல. பாய் கட்டினா காத்து போற பக்கமே நழுவும், சுத்தும். பரிசல்காரர் துடுப்போட நிறுத்திக்கிட்டது இதனாலதான்னு எனக்கு அப்போ புரிஞ்சது.

சரி, ரெண்டு புள்ளியையும் ஒரே இடத்துல வெச்சுட்டா பிடி இழுக்காதே? இழுக்காது. ஆனா கைக்கு எதுவும் தெரியாது, படகு எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாது. பாய் மையம் முன்னாடி போயிட்டா ஆபத்து. பிடியை விட்டா படகு காத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பும், பாயோட அடிக்கம்பான பூம் ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கத்துக்குப் பறக்கும். வழியில உங்க தலை இருந்தா அவ்வளவுதான். மையம் கொஞ்சம் பின்னாடி இருந்தா, பிடியை விட்டதும் படகு காத்துப் பக்கம் திரும்பிப் பாயை உதறிட்டுத் தானா நிக்கும்.

கவனிச்சீங்களா? டிரெய்லர்லயும் பூஜ்யம் கூடாது, படகுலயும் பூஜ்யம் கூடாது. ரெண்டுலயும் ஒரு சின்னச் சாய்வு வேணும், அது பாதுகாப்பான பக்கத்துல இருக்கணும். டிரெய்லர்ல பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி. படகுல பாய் கீலுக்குக் கொஞ்சம் பின்னாடி. ஏதாவது தப்பா நடந்து நீங்க கையை விட்டாலும், அமைப்பு தானா அடங்கணும்.

எங்க படகுல சாய்வு அதிகமாயிடுச்சு. கரைக்கு வந்து பார்த்தா பாய்மரம் பின்னாடி நிறைய சாஞ்சிருந்தது. உச்சியில மாட்டின டேப்பைப் படகோட பின் விளிம்புக்கு இழுத்து அளந்து குறிச்சோம். ஃபோர்ஸ்டேவை ஒரு துளை குறைச்சோம், ஷ்ரவுட் ரெண்டையும் ஒரு துளை நீட்டினோம். மரம் முன்னாடி நிமிர்ந்தது, பாய் மையமும் கூடவே முன்னாடி வந்தது. மறுபடி தண்ணியில இறங்கினப்போ பிடியை ரெண்டு விரல்ல பிடிக்க முடிஞ்சது.

கடல்லயே செய்யக்கூடிய வழிகளும் இருக்கு. சென்டர்போர்டைக் கொஞ்சம் மேல தூக்கினா அது பின்னாடி சாயும், கீல் புள்ளி பின்னாடி போகும், இழுவை குறையும். படகு சாயாம வெளியில உடம்பைத் தொங்கப் போட்டு உக்காந்தாலும் குறையும். படகு சாஞ்சா பாய் விசை ஒரு பக்கமா வெளிய போய், அதுவே படகைத் திருப்பும்.

மூணு கயிறு

கம்பியெல்லாம் கரையில செட் பண்றது. ஓடும்போது கையில இருக்கறது கயிறுங்கதான். தாமான் தவிர முக்கியமானது மூணு. பூமைக் கீழ இழுக்கற வாங், பாயோட மேல்பகுதி எவ்வளவு முறுக்கி விரியணும்னு முடிவு பண்ணும். பாயோட அடியைப் பின்னாடி இழுக்கற அவுட்ஹால், கீழ்ப்பகுதியோட குழிவைக் கூட்டும் குறைக்கும். பாயோட முன் ஓரத்தைக் கீழ இழுக்கற கன்னிங்ஹாம், குழிவை முன்னாடி நகர்த்தும். காத்து பலமானா மூணையும் இறுக்கிப் பாயைத் தட்டையாக்கணும். காத்து மெலிஞ்சா தளர்த்திக் குழிவு கொடுக்கணும். ஃபேன் ஸ்பீடு மாதிரி அஞ்சு நம்பர் கிடையாது, பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

இதோட மதிப்பு தெரியணும்னா ஒலிம்பிக்ஸ் பாருங்க. ஐ.எல்.சி.ஏ., அதாவது முன்னாடி லேசர்னு சொன்ன வகை, 4.23 மீட்டர் நீளம், உடல் 59 கிலோ. இதுல பாய்மரத்துக்கு ஸ்டே கம்பியே கிடையாது, மரம் தன் பலத்துல நிக்கும். போட்டியில எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படகு. வித்தியாசம் இந்தக் கயிறுங்களையும் உடம்பு எடையையும் எப்படிப் பயன்படுத்தறோம்ங்கறதுலதான். சென்னையோட நேத்ரா குமணன் இந்தப் படகுலதான் டோக்கியோ போனாங்க. ஒலிம்பிக்ஸ் பாய்மரப் படகுப் போட்டியில இறங்கின முதல் இந்தியப் பெண். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல வெண்கலம் வாங்கினார். வேலூருக்கும் கடல் கிடையாது மக்களே. தர்மபுரிக்காரன் சந்தோஷப்படக் காரணம் இருக்கு.

கடைசியா

நீங்க பாய்மரப் படகு ஓட்டாம இருக்கலாம். ஆனா நம்ம பாஜா டீம் வண்டியை டிரெய்லர்ல ஏத்துவீங்க. தங்கச்சி கல்யாணத்துக்குக் கார் மேல பீரோ கட்டுவீங்க. ஊர்ல டிராக்டர் ஓட்டுவீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னு கேளுங்க: பாரம் எங்க இருக்கு? நான் கையை விட்டா இது எந்தப் பக்கம் போகும்?

ஊருக்குத் திரும்பினதும் நோட்டைத் தூக்கிட்டுப் போய் மாமாகிட்ட –6.7ஐயும் +17.3ஐயும் காட்டினேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தார்.

"இதுல மைனஸ் வந்தா இறங்கக் கூடாதுன்னு அர்த்தமா?"

"ஆமா மாமா."

"அப்போ சரியாத்தான் சொல்லித் தராங்க"ன்னுட்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போயிட்டார்.